மழிகைக் கடை

கோமளாவுக்குக் கணக்கு டீச்சர் உத்தரவு வந்தது
பண்ருட்டிக்குத் தெற்கே,
முந்திரிக்குள் நுழைந்த பஸ்
வெளியே வர மறந்துவிடும் ஓர் ஊருக்கு.
கூடவே வந்த சாமான்கள்:
பீரோ, கிரைண்டர், கட்டில், நான்.

என் வேலை மெய்ப்புப் பார்ப்பது.
பிறர் எழுதியதில் ஒற்று விட்டதா, றகரமா ரகரமா.
எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போகலாம்
என்றார்கள் பெரம்பூரில்.
இங்கே சிக்னல், தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்கே
நாலடி அகலத்தில் மட்டும் நிற்கும் என்று
அவர்களுக்குத் தெரியாது.

முதல் மாதம் பிழைகளை எண்ணினேன்.
எனக்குத் தெரிந்த ஒரே பொழுதுபோக்கு.
உரக்கடையில் 'பூச்சி மறுந்து'.
ஊராட்சிச் சுவரில் 'குப்பை கொட்டாதீர்',
கீழே குப்பை
(அது பிழையில்லை, கருத்து வேறுபாடு).
தெருமுனையில் பச்சைப் பெயிண்டில்
ஒரு முழ உயரத்துக்கு
'அஞ்சலாட்சி மழிகைக் கடை'.

மழிப்பது என்றால் சவரம்.
அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்கும்போதெல்லாம்
எனக்குத் தாடை அரித்தது.
ஒருநாள் சொல்லியே விட்டேன்.
அஞ்சலாட்சி வெளியே வந்து போர்டைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.
"பதினோரு வருசமா இதுலதான் யாவாரம் ஓடுது.
எழுத்து தப்புன்னா பருப்பு வேவாதா?"

பிறகு, பாவம் என்று நினைத்தாளோ என்னவோ,
கொட்டை திருகிய முந்திரிப்பழம் ஒன்று தந்தாள்.
"உப்பு தொட்டுத் தின்னுங்க.
சட்டையில பட்டா போவாது."
சட்டையில் பட்டது. போகவில்லை.
ராத்திரி வரை தொண்டை கமறியது.
மறுநாள் போய் இன்னும் இரண்டு கேட்டேன்.

எப்போது ஆரம்பித்தது என்று யாராவது கேட்டால்
அந்தக் கறையைத்தான் காட்ட வேண்டும்.

சாயங்காலம் தொட்டியடியில் ஊரே காதில் கையோடு நிற்கும்.
கலியமூர்த்தி சிங்கப்பூர் மகனிடம் கத்துவார்,
கடல் தாண்டிக் கேட்க வேண்டுமே.
நர்ஸிங் படிக்கும் பெண் ஒருத்தி
சுவரோடு சுவராகப் பேசுவாள்.
எனக்கு முப்பத்திரண்டு பக்கம் இறங்க வேண்டும்.
திரையில் வட்டம் சுற்றச் சுற்ற
பக்கங்களுக்கு முன்னால் ஊர்க்கதை இறங்கிவிடும்.
ஒன்றுகூடத் திருத்தியதில்லை.

எல்லாம் பிடித்துவிடவில்லை.
குளியலறையில் சாரை,
எட்டு மணிக்கு மேல் பரோட்டா இல்லாத உலகம்,
மழைக்கு முன்பே படுத்துவிடும் கரண்ட்.
இவை இன்னும் பிழைகள்தான்.

ஆனால் பாவாடைசாமி கொல்லையில்
மும்முனை மின்சாரம் வந்து
மோட்டார் ஒரு முறை இருமி
குழாய் வழியே வெள்ளையாகப் பாயும்போது
நாற்பத்து மூன்று வயதில்
இடுப்பளவுத் தொட்டியில்
மல்லாக்க மிதக்கப் பழகுகிறேன்.
காதுக்குள் தண்ணீர். மேலே தென்னங்கீற்று.
அதில் திருத்த ஒன்றுமில்லை.
மறுநாள் ஏழாம் வகுப்பே எழுந்து நின்றதாம்:
"டீச்சர், உங்க வூட்டு சார்
செத்த தவள மாரி மெதக்குறாரு."
சொல்லிவிட்டுக் கோமளா சிரித்தாள்.
இந்த ஊருக்கு வந்து அவள் அப்படிச் சிரித்து
நான் பார்த்தது அன்றுதான்.

சித்திரையில்,
வீடே பலாப்பழமாக மணந்த ஒரு ராத்திரி,
மாறுதல் மனுவை நீட்டினாள்.
ஐப்பசியிலேயே எழுதி வைத்தது.
"பிழை பாத்துக் கொடு. வெள்ளிக்கிழமை கடைசி."

மூன்று முறை படித்தேன். ஒற்றெல்லாம் சரி.
தேதி சரி. பள்ளியின் பெயர் சரி.
காரணம் என்ற இடத்தில்
'என் கணவருக்கு இவ்வூர் ஒத்துவரவில்லை.'

சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன்.

"ஒற்றா?"
"இல்ல. தகவல்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு சுளையைப் பிரித்துக் கொட்டையை முறத்தில் போட்டாள்,
பாதியை என் பக்கம் தள்ளினாள்.
"அப்ப அங்க என்ன எழுத?"

யோசித்துக்கொண்டிருந்தேன்.
கொல்லைப் பக்கம் மோட்டார் இருமியது,
இந்த வாரம் ராத்திரி முறை போல.
துண்டு எங்கே என்று தேடினேன்.